கிளெனிஸ் தரம் பிரித்த மிச்ச நூல்

கிளெனிஸ் பர்டன் கம்பளியைக் காதால் சோதிப்பவர். ஆட்டு ரோமத்திலிருந்து விரல் கனத்தில் ஒரு கற்றையை உருவி, அதன் இரு முனைகளையும் இறுகப் பற்றிக் காதருகே வைத்துச் சுண்டுவார். நல்ல ரோமம் மெல்லிய தந்தியைப் போல ஒலிக்கும். எப்போதோ ஒரு கோடையில் தீனியின்றி அந்த ஆடு வாடியிருந்தால், கற்றை அப்போது வளர்ந்த இடத்திலேயே பொடுக்கென்று முறியும். அந்தச் சிறு ஒலியைக் கேட்டதும், "இது பிப்ரவரி மாசம் பட்டினி கெடந்த ஆடு," என்று கூறி, ரோமத்தை வேறொரு தொட்டியில் எறிந்துவிடுவார்.

டாஸ்மேனியாத் தீவின் நடுப்பகுதியிலுள்ள ஆட்டு ரோமக் கத்தரிப்புக் கொட்டகைகளில், தரம் பிரிக்கும் மேசையின் பின்னால் அவர் நாற்பத்தொரு பருவங்கள் நின்றிருக்கிறார். அவர் பிரித்த ஒவ்வொரு பொதியின் மீதும், தகரத்தில் வெட்டிய அச்சின் வழியே, கறுப்பு மையில் அவருடைய உரிம எண் பதியும்: 4172. அந்த எண்ணைத் தாங்கிய பொதிகள் இத்தாலிக்கும் ஜப்பானுக்கும் சென்றன. குறை கூறப்பட்டு ஒரு பொதியும் திரும்பியதில்லை. முழங்கால்கள் இரண்டும் தேய்ந்து, நிற்க முடியாத நிலை வந்தபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. எண் காலாவதியாயிற்று. தகர அச்சு, சமையலறை ஜன்னலில் தேயிலை டப்பாவின் பின்னால் போய் நின்றது.

அடுத்த ஜனவரியில், ஊன்றுகோலுடன் அவர் டார்ன் பிரிட்ஜ் ஊர் மண்டபத்தின் பின்னறைக்கு வந்தார். வியாழக்கிழமைதோறும் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே கூடி நூற்பதும் பின்னுவதும் வழக்கம். எங்கள் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரே ஒரு சிறு தறி உண்டு. அதன் ஒரு முனையை மடியிலும் மறுமுனையை மேசை விளிம்பிலும் சாய்த்து வைத்து நெய்யலாம். காலுக்கு அதில் வேலையே இல்லை. வீட்டுக்கு அதை எடுத்துச் செல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால், மே மாத இறுதியில் நடக்கும் ஊர்க் கண்காட்சியில் அந்தத் தறியில் நெய்த ஒரு துணியையேனும் வைத்தாக வேண்டும். வைத்தால் தறி மேலும் ஓராண்டு அவரிடமே இருக்கும். வைக்காவிட்டால் பட்டியலில் அடுத்துள்ளவருக்குப் போய்விடும். அன்று தறி சும்மா கிடந்ததால் கிளெனிஸ் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கு அடுத்ததாகப் பட்டியலில் ஏறிய ஒரே பெயர்: மார்ஜரி ஸ்கெக்ஸ். கண்காட்சியின் கம்பளிக் கூடத்துக்குப் பதினெட்டு ஆண்டுகளாகப் பொறுப்பாளர் அவர்.

"வர்ற மாசம் நானே தறிய எடுத்துக்கலாம்னு இருந்தேன்," என்றார் மார்ஜரி.

"ஒரு வருஷம் பொறுத்துக்கோ. நாப்பத்தொரு வருஷம் கம்பளிக்குப் பேரு மட்டும் வெச்சேன். ஒரு முழம் நூலுகூட அதுலேர்ந்து ஆக்கினதில்ல. கைக்கு வேலை வேணும் எனக்கு. காலுக்கு வேணாம்."

"மேசைக்குப் பின்னால நின்னு அழுக்குப் பொறுக்கறது வேற, தறி வேற, கிளெனிஸ்."

"நான் கம்பளியில அழுக்குப் பொறுக்கறேன். நீ கண்காட்சியில மனுஷங்களப் பொறுக்கற. எந்தக் கம்பளியும் அழுதுகிட்டு வீட்டுக்குப் போனதில்ல."

அறையிலிருந்த அனைவரும் தேநீர்க் கோப்பைகளுக்குள் சிரித்தோம். மார்ஜரியும் சிரித்தார் என்பதை நேர்மைக்காகக் குறிப்பிட வேண்டும்.

அந்தத் தறிக்கென்று ஆசிரியர் எவரும் இல்லை. ஆளுக்கு ஒன்றாகச் சொன்னோம். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதற்கு முரணாக இருந்தது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலை இறுக்கு என்றார் ஒருவர், தளர்த்து என்றார் இன்னொருவர். சீப்பைப் போன்ற தறி அச்சில் துளையும் பிளவும் மாறி மாறி இருக்கும். துளையில் ஓர் இழை, பிளவில் ஓர் இழை என்று கோத்துவிட்டால், அச்சை உயர்த்தும்போது ஒரு வழியும் தாழ்த்தும்போது மற்றொரு வழியும் திறக்கும். அந்த வழியே ஊடை நூலைக் குறுக்காகச் செலுத்தி, அச்சாலேயே அடித்துச் சேர்க்க வேண்டும். முதல் வாரத்தில் கிளெனிஸ் ஒரு கழுத்துத் துண்டு நெய்தார். ஒவ்வொரு முறையும் ஊடையை இழுத்துப் பிடித்ததால், துண்டின் நடுப்பகுதி ஒடுங்கிப் போயிற்று.

அவருடைய கணவர் கெல்வின், ஒரு காலத்தில் நாளொன்றுக்கு நூற்றெண்பது ஆடுகளைக் கத்தரித்தவர். அவர் அந்தத் துண்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இடுப்பெல்லாம் வெச்சிருக்கியே. ரெண்டு கை தெச்சா யாராவது போட்டுக்கலாம்."

"உன் முகத்த மூடத்தான் நெய்ஞ்சேன். அதுக்கு இந்த அகலம் போதும்."

மறுவாரமே அவர் ஊடையைச் சாய்வாக, சற்றுத் தளர்வாக விடக் கற்றுக்கொண்டார். கரைகள் நேராயின. பாவின் இறுக்கத்தில் மட்டும் எங்கள் சொல் எதையும் அவர் கேட்கவில்லை. தறியின் மீது குனிந்து, இழைகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுண்டிக் காது கொடுத்தார். மந்தமாக ஒலித்த இழையை இழுத்துக் கட்டினார், கீச்சென்றதைத் தளர்த்தினார். நாங்கள் கையால் தடவித் தோராயமாக அறிந்ததை, அவர் கொட்டகையில் பழகிய செவியால் துல்லியமாக அறிந்தார். ஏப்ரல் மாதத்துக்குள் அவருடைய துணி எங்களில் பாதிப் பேருடைய துணியைவிடச் சீராகிவிட்டது.

கண்காட்சியில் அவர் தேர்ந்தெடுத்த பிரிவு, மிச்ச நூலில் மட்டும் நெய்த முழங்கால் விரிப்பு, உட்கார்ந்திருப்பவர் கால்மேல் போர்த்திக்கொள்வது. கடையில் வாங்கிய புது நூல் ஓர் இழைகூட இருக்கக் கூடாது. பின்னி முடித்தபின் எஞ்சும் உருண்டைகளையெல்லாம் நாங்கள் அறை மூலையிலுள்ள ஒரு பழைய பொதிச் சாக்கில் போட்டு வைப்போம். எது எந்த ஆலையில் வந்தது என்று காட்டும் காகிதப் பட்டை எதிலும் இராது. ஆகவே, சாக்கிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு நூலிலும் ஒரு சாண் வெட்டி, வெந்நீரில் அலசி, அது என்ன ஆகிறது என்று பார்த்த பிறகே தறியில் ஏற்றுவோம். கழுவாத துணியை நாங்கள் துணி என்று கூறுவதில்லை. தறியிலிருந்து இறங்கியது சோப்பும் சூடும் பட்டு, சுருங்கி, இறுகி, அதன்பின்தான் துணி ஆகும்.

கிளெனிஸ் அந்தச் சாணளவு வெட்டுதலைத் தேவையற்றது என்று ஒதுக்கினார். கண்களை மூடிக்கொண்டு சாக்கினுள் கையை விட்டார்.

"இது பெட்ரோல்," என்று ஒரு செயற்கை நூல் உருண்டையைப் பின்னால் எறிந்தார். "இதுவும் பெட்ரோல். இது ஆடு. இது நல்ல ஆடு. இது பெட்ரோல். இது ஆடு, ஆனா கெழட்டு ஆடு."

ஒன்றுகூடத் தவறவில்லை. எறிந்ததை நான் எடுத்துத் தீக்குச்சியில் காட்டினேன். எல்லாம் உருகிக் கறுப்பு மணியாயின.

"அப்பவும் வெந்நீர்ல போட்டுப் பாத்துடு," என்றார் மார்ஜரி.

"என் விரலு இதுவர பொய் சொன்னதில்ல."

"அத வெந்நீர்கிட்டச் சொல்லு."

கண்காட்சிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது விரிப்பு தறியை விட்டு இறங்கியது. நீலம், பழுப்பு, கடுகு மஞ்சள், சாம்பல் என்று நான்கு விரல் அகலக் கோடுகள். குறுகிய தறியாதலால் இரண்டு பாளமாக நெய்து நடுவில் தைத்தது. அதன் ஒரு மூலையில் தம் எண்ணைக் கறுப்பு நூலால் தைக்க வேண்டும் என்பதே கிளெனிஸின் எண்ணம். மார்ஜரி அதை மறுத்திருந்தார்: தீர்ப்பு முடியும்வரை எவருடைய அடையாளமும் துணியில் இருக்கக் கூடாது. "அப்புறமா தைக்கறேன். பொதி போயிடும், துணி போகாது," என்று கிளெனிஸ் கூறியதிலிருந்துதான், அவருக்கு அந்த விரிப்பு எதற்காக வேண்டியிருந்தது என்பது எனக்குப் புரிந்தது.

சலவைத் தொட்டியில் வெந்நீர் நிரப்பி, சோப்புக் கரைத்து, அவரே கையால் அமுக்கி அலசினார். கெல்வின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். பழுப்புக் கோடுகளும் சாம்பல் கோடுகளும் சுருங்கி இறுகியிருந்தன. நீலமும் மஞ்சளும் சுருங்கவே இல்லை. இடமின்றி மேலெழுந்து, அலையலையாகப் புடைத்து நின்றன.

"காஞ்சா சரியாயிடும்," என்றார் கெல்வின்.

"நீ ஆட்டோட காத வெட்டிட்டு, முடி வளந்தா மறைஞ்சிடும்ன்ற ஆளு."

நீல நூலில் மிஞ்சிய துணுக்கை அவர் அடுப்பில் காட்டினார். மயிர் பொசுங்கும் நாற்றம் எழுந்தது. சாம்பல் விரலில் பொடியாக உதிர்ந்தது. கம்பளிதான், ஐயமே இல்லை. விரல் சொன்னது உண்மை. ஆயினும் துணி பொய்த்துவிட்டது. விரல் தவறியிருந்தால் அவர் அதை எளிதாகத் தாங்கியிருப்பார். ஈர விரிப்பை ஒரு வாளியில் போட்டுக்கொண்டு, தாமே வண்டியை ஓட்டி மார்ஜரியின் வீட்டுக்குச் சென்றார். கண்காட்சிக்கான சேர்க்கை அட்டைகளை எழுதிக்கொண்டு நானும் அங்கே இருந்தேன்.

மார்ஜரி மாவுக் கையுடன் வாளியை எட்டிப் பார்த்தார். "என்ன இது, கொட்டகக் கூரையா? நெளித்தகரம் மாதிரி இருக்கு."

"சிரிச்சு முடி. அப்புறம் ஏன்னு சொல்லு."

மார்ஜரி கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு நீல அலையைப் பெருவிரலால் தடவினார். முகம் மாறியது.

"இது என் பேரனோட பள்ளிக்கூட ஸ்வெட்டர்ல மிஞ்சினது. மெஷின்ல தோய்க்கிற கம்பளி. ஆலையில கம்பளிய சுருங்க வெக்கிற செதிளெல்லாம் வழிச்செடுத்துட்டு, மேல என்னமோ பூசிடறாங்க. கொதிக்கிற தண்ணியில போட்டாலும் சுருங்காது."

"என் விரலுக்குத் தெரியலியே."

"எப்படித் தெரியும்? பொதியில அடைக்கிற வரைக்குந்தான் உனக்குக் கம்பளியத் தெரியும். பொதி லாரி ஏறிப் போச்சே, அப்புறம் அத என்ன பண்ணாங்கன்னு என்னைக்காவது கேட்டிருக்கியா?"

கிளெனிஸ் நாற்காலியில் அமர்ந்தார். வாளியைக் காலருகே இழுத்து வைத்துக்கொண்டார்.

"கேட்டதில்ல," என்றார். "கம்பளின்னு சொன்னது சரிதானே?"

"அது சரி."

"அப்ப மிச்சத்தக் கத்துக்கறேன்."

"பன்னெண்டு நாள்லயா? பட்டியல்ல அடுத்தது நான்தான். பேர மாத்தி எழுதிடட்டுமா?"

"பேனாவ மூடி வெய், மார்ஜரி."

இவ்வாறு கூறி எழுந்தவர், வாசலில் நின்று திரும்பி, "நன்றி," என்றும் சொன்னார். மார்ஜரி ஒரு துணியில் சூடான பூசணி ரொட்டிகள் நான்கைக் கட்டி வாளியின் மேல் வைத்தார்.

மறுநாள் காலை, பர்டன் வீட்டுச் சமையலறை ஒரு கத்தரிப்புக் கொட்டகையாக மாறியது. மண்டபத்திலிருந்து கொண்டுவந்த சாக்கில் அறுபத்து மூன்று வகை நூல் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு சாண் வெட்டி, எண் எழுதிய துணித்துண்டைக் கட்டி, வெந்நீரில் அலசி, உலர்த்தி, மீண்டும் அளந்தார் கிளெனிஸ். ஆப்பிள் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, முற்றிலும் சுருங்குவது, பாதி சுருங்குவது, சுருங்காதது, நம்ப முடியாதது என்று பிரித்துப் போட்டார். உருண்டைகளை எடுத்துத் தரும் வேலை கெல்வினுக்கு.

"கத்தரிக்கிறவன் தரம் பிரிக்கிறவகிட்டக் கூலி வேலைக்கு வந்துட்டான். கொட்டகையில யார்கிட்டயும் சொல்லிடாத."

"ஈரத்தோட அளக்காத. காயட்டும். இதுக்குத்தான் கத்தரிக்கிறவங்கள யாரும் மேசைப் பக்கமே விடறதில்ல."

எங்கள் பக்கத்தில் மே மாதம் குளிர்காலத்தின் வாசல்; அன்று மாலை உறைபனி இறங்கியது. கெட்டுப்போன விரிப்பை எறிய மனமின்றி, கிளெனிஸ் அதை வலிக்கும் முழங்கால்களின் மேல் போட்டுக்கொண்டு கணப்பருகே அமர்ந்தார். சிறிது நேரம் கழித்து அதைக் கவனிக்கத் தொடங்கினார். அந்த வீட்டிலுள்ள எந்தக் கம்பளியைவிடவும் அது கதகதப்பாக இருந்தது. அலைகளின் அடியில் காற்று தங்கியிருந்தது. ஒரு புடைப்பை விரல்களுக்கிடையே பிடித்து, வெளிச்சத்தில் திருப்பினார்.

"கெல்வின், இது நெளிவு."

"எது?"

"ஆட்டு மயிருல இருக்குமே, அதே நெளிவு. மெல்லிசான கம்பளியில நெருக்க நெருக்கமா இருக்கும், மொரட்டுக் கம்பளியில அகல அகலமா இருக்கும். நான் நாலு விரக்கட கோடு போட்டேன், மொரட்டு ஆடு வந்துடுச்சு. கோட்டக் குறுக்கினா நல்ல ஆடு வரும்."

கெல்வினுக்கு முழுவதும் விளங்கவில்லை. ஆனால், மனைவியின் குரலில் கொட்டகையின் குரல் திரும்பியிருந்ததை உணர்ந்து, எழுந்து கணப்பில் இன்னொரு கட்டையைப் போட்டார்.

இம்முறை கோடுகள் ஆறு ஆறு இழைகளாகவே அமைந்தன: சுருங்கும் நூலில் ஆறு, சுருங்காத நூலில் ஆறு. இரு பாளங்களும் ஒரே அளவில் சுருங்க வேண்டும் என்பதற்காக, ஒரே நீளப் பாவாகப் போட்டு, நெய்தபின் இரண்டாக வெட்டுவது என்று முடிவு செய்தார். இழைகளைச் சுண்டிக் கேட்பதற்கே ஒரு முழுக் காலைப்பொழுது கழிந்தது. பிறகு காலை எட்டு மணிக்கு அமர்ந்து, பத்தரைக்குத் தேநீர் அருந்தி, பன்னிரண்டுக்கு எழுந்து, ஒன்றுக்கு மீண்டும் அமர்ந்து, கொட்டகை மணிக் கணக்கில் ஆறு நாள் நெய்தார். ஏழாம் நாள் தைத்து முடித்தார். கண்காட்சியில் துணியைச் சேர்க்க இரண்டு நாளே எஞ்சியிருந்தன.

தறியிலிருந்து இறங்கிய துணி தட்டையாக, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததாகக் கிடந்தது. அறுபத்து மூன்று சாண்களின் கணக்கில் ஒன்று பிழையானாலும் இனித் திருத்த நேரமில்லை. தறி போகும், எண் தேயிலை டப்பாவின் பின்னாலேயே இருக்கும். கெல்வின் வெந்நீர் ஊற்றினார். கிளெனிஸ் கைகளை முழங்கைவரை நீரில் விட்டு அமுக்கினார். இம்முறை அவர் துணியைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே விரல்களால் மட்டும் அறிந்துகொண்டிருந்தார். கால் மணி நேரம் கழித்து அவருடைய உதட்டோரம் அசைந்தது.

"தூக்கு," என்றார்.

வரிசை வரிசையாக, அரிசி மணியைவிடச் சற்றே பெரிய புடைப்புகள், விளிம்பு முதல் விளிம்பு வரை, ஓர் ஒழுங்கில் எழுந்திருந்தன. நீலமும் மஞ்சளும் பச்சையும் மேலே மிதக்க, சாம்பலும் பழுப்பும் அடியில் இறுகிக் கிடந்தன. கரை கோடு போட்டதைப் போல நேராக இருந்தது.

கெல்வின் ஒரு புடைப்பை விரலால் தடவினார். "நல்ல ஆடு," என்று மட்டும் சொன்னார்.

சேர்க்கை நாளில் மார்ஜரி விரிப்பைப் பிரித்து, இரு பக்கமும் திருப்பி, தையலை விரலால் தொடர்ந்து சென்றார்.

"மூலையில எதுவும் தெச்சு வெக்கலயே?"

"சுத்தம்."

"சரி. வெய்."

லான்செஸ்டன் நகரிலிருந்து வந்த நடுவர் கையுறை அணிந்திருந்தார். பல ஆண்டுகள் ஆலையில் நெய்த பெண்மணி. மேசை மேசையாக அவர் நகர, மார்ஜரி பரிசு நாடாக்களை ஏந்திப் பின்தொடர்ந்தார். முடிவுகளைப் பதியும் ஏட்டுடன் நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். விரிப்புகள் இருந்த மேசையில் பதினான்கு துணிகள். நடுவர் ஒவ்வொன்றையும் தொட்டு, மடித்து, வைத்துக்கொண்டே வந்து, ஒன்பதாவதில் நின்றார். கையுறையைக் கழற்றினார். விரிப்பின் அடியில் கையை நுழைத்து, அப்படியே வைத்திருந்தார்.

"இது மிச்ச நூலா?"

"விதிப்படி," என்றார் மார்ஜரி.

"எத்தனை வகை?"

"சொல்லக் கூடாது. எனக்குத் தெரியும், ஆனா சொல்லக் கூடாது."

"நெய்யறவங்க பதினாலு பேரு இங்க இருக்காங்க. நூலு ஒவ்வொண்ணும் தண்ணியில என்ன பண்ணும்னு தெரிஞ்சு நெய்ஞ்சவங்க ஒருத்தர்தான். இவங்க ஆலையில இருந்தவங்களா?"

மார்ஜரி வாயை இறுக மூடிக்கொண்டார். அதற்கு அவர் பட்ட பாட்டை அருகிலிருந்து நான் கண்டேன். நடுவர் முதற்பரிசின் நீல நாடாவை அதன்மீது வைத்தார். பிற்பகலில், கூடம் முழுவதற்குமான சிறந்த படைப்புக்கு உரிய ஊதா நாடாவையும் கொண்டுவந்து, வேறெங்கும் பார்க்காமல், அங்கேயே வைத்தார். மார்ஜரி அதை ஒரே குத்தில் குத்த, நாடா கோணலாக நின்றது. அவர் அதைத் திருத்தவில்லை; அவசரமாகத் தேநீர்க் கூடாரத்துக்கு நடந்தார்.

அங்கே கிளெனிஸ், கெல்வினுடன் அமர்ந்து, தொடப்படாத கேக் துண்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூடத்துக்குப் போய்ப் பாரு," என்றார் மார்ஜரி. "யாரோ கொட்டகக் கூரைக்கு ரெண்டு பரிசு குடுத்திருக்காங்க."

கிளெனிஸ் எழுந்த வேகத்தில் ஊன்றுகோலை மறந்தார். கெல்வின் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். விரிப்பின் முன்னால் கூட்டம் நின்றிருந்தது. கத்தரிப்புக்காரர்கள் சிலர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு புடைப்புகளைத் தடவிப் பார்த்தனர். அவர்களில் ஒருவர், "பர்டனம்மா, இதுக்குள்ள யாரோட ஆடு இருக்கு?" என்று கேட்டார். "எல்லாரோடதும் இருக்கு. உன் ஆடு அடியில இருக்கு, சுருங்கிப் போய்," என்றார் கிளெனிஸ். அவர் முகம் சிவந்து, கண்கள் மின்னின. நாற்பத்தொரு ஆண்டுகளில் அவருடைய வேலையை யாரும் கூட்டமாக நின்று பார்த்ததில்லை.

பிறகு அவர் கைப்பையைத் திறந்தார். கறுப்பு நூல் கோத்த ஊசி ஒன்று அதில் ஆயத்தமாக இருந்தது.

"இப்பத் தைக்கலாமா?"

"தீர்ப்பு முடிஞ்சுது. தையி," என்றார் மார்ஜரி. கண்காட்சி முடியும்வரை எந்தப் பொருளையும் எவரும் தொடக் கூடாது என்ற மற்றொரு விதியை அவர் அன்று நினைவுகூரவில்லை. மாறாக, விரிப்பின் மூலையைத் தாமே தூக்கி, வெளிச்சம் படும்படி பிடித்துக்கொண்டார். கிளெனிஸ் குனிந்து, நிதானமாக, நான்கு இலக்கங்களையும் தைத்தார். 4172. கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"பட்டியல்ல அடுத்தது நான்தான்," என்றார் மார்ஜரி, மூலையை விடாமல். "அத மறந்துடாத."

"எழுதி வெய்," என்றார் கிளெனிஸ். "பென்சில்ல எழுது."